பெயரை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள்

சிட்னியில் வசிக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: என் கணவரின் முன்னோர்களில் ஒருவர் பேட்ரிக் ரையன். அயர்லாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர் என்று வீட்டில் பேச்சு. மாமியாரோ, “கைதியெல்லாம் இல்லை, பிழைக்க வந்தவர்” என்கிறார். இணையத்தில் தேடினால் அதே பெயரில் ஏகப்பட்ட கைதிகள். கையில் இருப்பது 1871-ஆம் ஆண்டு இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பிறந்த இடம் டிப்பரரி (அயர்லாந்தில் ஒரு மாவட்டம்), காலனியில் இருந்தது 38 வருடம் என்று அதில் இருக்கிறது. எங்கள் ஆள் யார்? அவர் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் கையில் இருப்பது நல்ல சரக்கு. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச்சில்தான் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு தொடங்கியது. அதன் பிறகு வந்த இறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயர், திருமண விவரம், பிள்ளைகள் பெயர் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. 1871-இல் 38-ஐக் கழித்தால் 1833. ஆனால் அந்த 38-ஐச் சொன்னது செத்தவர் இல்லை. மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார். அதனால் 1831 முதல் 1835 வரை தேடுங்கள்.

இனிமேல் பேட்ரிக் ரையன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். அயர்லாந்திலிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட கைதிகள் சுமார் 40,000 பேர். திரும்பத் திரும்ப அதே பேட்ரிக், மைக்கேல், ஜான்தான். இந்தக் குழப்பம் அன்றைய அரசாங்கத்துக்கும் இருந்தது. அதனால் ஒவ்வொரு கைதியின் பெயரோடும் அவர் வந்த கப்பலையும் வருடத்தையும் சேர்த்தே எழுதினார்கள். நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். விடுதலை வாங்கும் வரை கப்பல் பெயர் கைதியை விடாது. ஒரே கப்பல் பலமுறை வந்திருக்கும் என்பதால் வருடத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

கப்பலைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி ஒன்று உண்டு. சான்றிதழில் மனைவி பெயர் இருக்கிறதா பாருங்கள். தண்டனைக் காலத்தில் கல்யாணம் செய்துகொள்ள கைதிகள் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். 1826 முதல் 1851 வரையான அந்த விண்ணப்பப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் இருவர் பெயர், வயது, கப்பல், தண்டனை, நடத்திவைக்கும் பாதிரியார் என்று ஒரே வரியில் கிடைத்துவிடும். சிலருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். வந்து இறங்கியபோது ‘மணமானவர்’ என்று சொன்ன வாய், நாலு வருடம் கழித்து ‘மணமாகாதவர்’ என்றால் குமாஸ்தா விடுவாரா?

விடுதலைக்குப் பிறகு மணந்திருந்தால் இந்த வழி உதவாது. அப்போது ‘இன்டென்ட்’ எனப்படும் கப்பல் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். 1830-களின் பட்டியல்கள் அச்சிட்டவை, படிக்கச் சிரமமில்லை. வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, பிறந்த மாவட்டம், தொழில், குற்றம், விசாரணை நடந்த இடமும் நாளும், தண்டனை, உயரம், கண் நிறம், உடம்பிலுள்ள தழும்பு, பச்சை குத்தியது வரை இருக்கும். டிப்பரரியில் பிறந்த ரையன்களை மட்டும் எடுத்துத் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவரையும் பின்தொடருங்கள். தண்டனை முடியும் முன்பே குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் சொந்தமாக வேலை செய்து பிழைக்க அனுமதிக்கும் சீட்டு ‘டிக்கெட் ஆஃப் லீவ்’. நன்னடத்தைக்குக் கிடைக்கும் அது 7 வருடத் தண்டனைக்கு 4 வருடத்திலும், 14-க்கு 6-லும், ஆயுளுக்கு 8-லும் வரும். அதன் எண் 37/ என்று தொடங்கினால் 1837-இல் தந்தது. எந்த வட்டாரத்தில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அதே வட்டாரமா? அங்கேதான் முடிச்சு அவிழும். 7, 14 வருடக்காரர்களுக்குக் கடைசியில் விடுதலைச் சான்றிதழ் உண்டு. ஆயுள் கைதிக்கு அது கிடையாது. நிபந்தனை மன்னிப்புப் பதிவுகளில் தேட வேண்டும். விடுதலைச் சான்றிதழிலும் அங்க அடையாளம் இருக்கும். இடது புருவத்துத் தழும்பு இரண்டு தாளிலும் இருந்தால் ஆள் ஒருவரே. இருபது வயதில் வந்த பையன் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தால் மிரளாதீர்கள்.

இவற்றின் அட்டவணைகளை, நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆவணங்களை இப்போது வைத்திருக்கும் ‘மியூசியம்ஸ் ஆஃப் ஹிஸ்டரி’ அமைப்பின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். மூல ஆவணம் வேண்டுமானால் கிங்ஸ்வுட் வாசிப்பு அறை உங்களுக்குத் தூரமில்லை. தப்பி ஓடிய கைதிகளின் பட்டியலை அரசிதழ் வெளியிட்டது. அது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் கிடைக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரங்களை அப்படியே நம்பி இறங்காதீர்கள். ஒருவர் தப்பான ரையனைப் பிடித்தால் இருபது பேர் அதையே நகலெடுத்திருப்பார்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கைதிகளை நாடுகடத்திய பதிவேடுகள் அயர்லாந்தில் 1836-இலிருந்துதான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முந்தையவை 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போய்விட்டன. உங்களவர் 1833 என்றால் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. ஆனால் கருணை மனுக்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. மனைவியோ தாயோ பாதிரியாரைக் கொண்டு எழுதியிருந்தால் கிராமத்தின் பெயரே கிடைக்கலாம். மனு எழுதாத குடும்பம் என்றால், விசாரணை நடந்த மாதத்து உள்ளூர்ச் செய்தித்தாளைத் தேடுங்கள். கத்தோலிக்கப் பங்குக் கோவில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் பல பங்குகளில் அவை 1820-களுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அதற்குள் உங்களவர் வளர்ந்த பையன். இன்னொன்று, டிப்பரரியில் ரையன்கள் அதிகம் என்பதால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பழைய காகிதத்தில் ரையனுக்குப் பக்கத்தில் புரியாத சொல் ஏதாவது கிறுக்கியிருந்தால் அடித்துவிடாதீர்கள்.

மாமியார் விஷயம். கைதி வம்சம் என்பது முன்பு வெளியே சொல்லக் கூசிய விஷயம்; பல குடும்பங்கள் ‘பிழைக்க வந்தவர்’ என்றே பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்தன. அதற்காக அவர் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். 1831 முதல் 1835 வரை வந்த கைதி ரையன்கள் அத்தனை பேரையும் பார்த்து ஒருவர்கூடப் பொருந்தவில்லை என்றால், சொந்தச் செலவிலும் அரசு உதவியிலும் வந்த பயணிகள் பட்டியலைப் பாருங்கள்.