துடிப்பை அடக்கும் மருந்து உயிரையும் காக்குமா? – கேள்வி பதில்

நீலகிரி வாசகர்கள் கேட்டவற்றுக்குக் குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கோத்தகிரி ஆசிரியை: இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென இறப்பதைத் தடுக்கும் மாத்திரையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமா, ஐயா?

துடிப்பை அடக்குவது கடினமன்று, அம்மா. அதனால் உயிர் பிழைக்கிறதா என்பதுதான் சிக்கல். மாரடைப்புக்குப் பின் தோன்றும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் மரணம் குறையும் என்ற நம்பிக்கையை ‘காஸ்ட்’ என்னும் அமெரிக்க ஆய்வு சோதித்தது. துடிப்பை அடக்கும் மருந்துகளான என்கைனைடு அல்லது பிளெகைனைடு உண்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரும் இறந்ததால், 1989இலேயே அம்மருந்துகள் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன. இத்தனைக்கும், மருந்தால் துடிப்பு அடங்கியது என்று ஈ.சி.ஜி. பதிவில் உறுதியானவர்களே ஆய்வில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இதயச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வழியை அம்மருந்துகள் அடைப்பதால், இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் மெதுவாகிறது. மாரடைப்பால் தழும்பேறிய இதயத்தில் அது தழும்பைச் சுற்றிச் சுற்றியே ஓடத் தொடங்கித் துடிப்பை மேலும் குலைத்துவிடுகிறது.

கூடலூர் வாசகர்: எங்கள் நடுவட்டத்துச் சிங்கோனாவுக்கு இதில் பங்குண்டா?

நடுவட்டத்தில் அந்த மரம், அதன் பட்டையிலுள்ள குயினைன் என்னும் மலேரியா மருந்துக்காகப் பயிரிடப்பட்டது. ஆயினும், குயினைன் உண்டால் தம் தாறுமாறான நாடி சீராகிறது என்று நோயாளி ஒருவர் சொன்னதை வென்கெபாக் என்னும் மருத்துவர் 1914இல் எழுதினார். அதே பட்டையிலுள்ள குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று 1918இல் பிரே காட்டினார். அதை உண்ட சிலர் மயங்கி விழுந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குன்னூர் மருந்துக் கடைக்காரர்: அந்த மயக்கத்தை முன்கூட்டியே அறிய முடியாதா?

இப்போது பெரும்பாலும் முடியும். பொட்டாசியம் வெளியேறும் ஒரு வழியை மருந்து அடைத்தால், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் ஓய்வுக்குத் திரும்பத் தாமதமாகி, ஈ.சி.ஜி.யில் ‘க்யூ.டி.’ இடைவெளி நீளும். மிகவும் நீண்டால் துடிப்பு குலைந்து மயக்கம் வரலாம். டெர்பெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை இதனால்தான் சந்தையை விட்டுப் போனது. 2005இல் வந்த பன்னாட்டு நெறிமுறைக்குப் பின், எந்த நோய்க்கான மருந்தானாலும் இந்த இடைவெளியைக் கவனிக்காமல் ஒப்புதலை நெருங்க முடிவதில்லை.

உதகை வாசகி: மாமியார் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை உண்கிறார். தைராய்டு சோதனை எதற்கு?

அதன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அயோடின்; அது தைராய்டின் வேலையைக் குலைக்கலாம். சோதனையைத் தவறவிடாதீர்கள், மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கோத்தகிரி ஆசிரியை: மார்பில் பொருத்தும் அதிர்ச்சிக் கருவி இருக்கையில் புது மருந்து எதற்கு?

கருவி, தாறுமாறு தொடங்கிய பின்னரே வேலை செய்கிறது. தொடங்காமல் தடுப்பதற்கு மருந்துதான் வேண்டும். இதயச் செல்லின் உள்ளே இருக்கும் சேமிப்பிலிருந்து கால்சியம் கசிவதை அடைக்கும் மருந்துகளை ஆய்வாளர்கள் தேடுவது அதற்காகவே. ஓடினாலோ அஞ்சினாலோ துடிப்பு குலையும் ஒரு பரம்பரைக் கோளாறு உள்ள, தழும்பில்லாத இதயங்களுக்கு, ‘காஸ்ட்’ ஆய்வில் விலக்கப்பட்ட அதே பிளெகைனைடு இன்று கொடுக்கப்படுகிறது.