மேட்ச் என்ற சொல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலம் படிக்கும் என் மகள் 'மேட்ச்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். தீக்குச்சி, விளையாட்டுப் போட்டி, ஜோடிப் பொருத்தம் எல்லாமே மேட்ச். "அது சொற்பஞ்சம் பிடித்த மொழி, தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது" என்று சொல்லிச் சமாளித்தேன். இத்தகைய சொற்களை மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நான் அகராதியில் இதே சொல்லைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள். நீங்கள் சொன்ன பதில்தான் மோசம். கேள்வி கேட்கும் குழந்தையின் வாயை மொழிப்பெருமையால் அடைக்கலாமா?

தமிழில் குழப்பமே கிடையாதா? விளக்கில் எரிவது திரி. வேலையில்லாமல் அலைவது திரிதல். பால் கெட்டாலும் திரிகிறது. கயிறு முறுக்குவது திரித்தல், பொய் சொல்பவரும் கயிறு திரிக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல்லைத் தொல்காப்பியம் திரிசொல்லின் ஒரு வகையாகவே வைத்திருக்கிறது. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மேட்ச் உண்மையில் இரண்டு சொற்கள். போட்டியும் பொருத்தமும் 'இணை' என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. நிகரானவர்கள் மோதினால்தானே போட்டி. அதில் அவ்வளவுதான்.

தீக்குச்சியின் மேட்ச் வேறு குடும்பம். பழைய பிரெஞ்சில் அது விளக்குத்திரியின் பெயர். நான் திரியை உதாரணம் காட்டியது அதனால்தான். பிறகு அந்தப் பெயர் வெடியுப்பில் ஊறவைத்து உலர்த்திய கயிற்றுக்கு வந்தது. அந்தக் கயிறு அணையாமல் மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். அதை வைத்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பழைய துப்பாக்கிக்கு மேட்ச்லாக் என்று பெயர். கந்தகம் தோய்த்த குச்சிக்கும் அதே பெயர். 1826இல் ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சியைக் கண்டுபிடித்தார், அதுவும் மேட்ச் ஆனது. திரி போய்க் கயிறு வந்தது, கயிறு போய்க் குச்சி வந்தது. நெருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலை மட்டும் அப்படியே இருந்தது. சொல் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டவளுக்கு மனப்பாடம் எதற்கு?

உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சியின் தலையில் வெண்பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவியில் வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையின் பெண்களும் சிறுமிகளுமாக ஏறக்குறைய 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்த அன்னி பெசன்ட் அவர்களுடைய நிலைமையை எழுதி வெளிப்படுத்தியிருந்தார். கூலியில் பிடித்துக்கொண்டிருந்த அபராதங்கள் ஒழிந்தன. சாப்பிடத் தனி அறை வேண்டும் என்பதையும் அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். அதுவரை வேலை செய்த இடத்திலேயே, பாஸ்பரஸ் படிந்த உணவைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள்.

தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ் பூசிய பட்டையில் உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1850களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. வெண்பாஸ்பரஸைத் தடைசெய்யும் சட்டத்தைப் பிரிட்டன் 1908இல்தான் இயற்றியது. ஏன் அத்தனை தாமதம் என்று உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். வெண்பாஸ்பரஸ் மலிவு என்பதைச் சொல்லுங்கள். அந்தச் சிறுமிகளில் பலர் அவள் வயதுக்காரிகள்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.