தாட்பூட் கொடியை மொட்டையடிக்கும் புழு: மருந்து வேண்டாம், இன்னொரு கொடி போதும்

மயாமியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வேலியில் பேஷன் ஃப்ரூட் கொடி ஏற்றியிருக்கிறேன். கொடைக்கானலில் தாட்பூட் பழம் என்போமே, அதுதான். கறுப்பு முள்ளோடு ஆரஞ்சு நிறப் புழுக்கள் வந்து பாதிக் கொடியைத் தின்றுவிட்டன. குழந்தைகள் தொட்டால் அரிக்குமா? இலைக்காம்பில் இரண்டு குமிழ் இருக்கிறது, அது முட்டையா? என்ன மருந்து அடிக்கலாம்?"

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்த முள் பார்க்கத்தான் முள், தொட்டால் மெத்தென்றிருக்கும், அரிக்காது. அது கல்ஃப் ஃப்ரிட்டிலரி என்ற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் புழு. குமிழ்களும் முட்டை இல்லை, தேன் சுரப்பிகள். அந்தத் தேனுக்கு வரும் எறும்புகள் முட்டையையும் குஞ்சுப் புழுவையும் தூக்கிப் போய்விடும். கொடி வைத்திருக்கும் கூலிக் காவல் அது, எறும்பை விரட்டாதீர்கள்.

இந்தப் பூச்சியும் ஹெலிகோனியஸ் என்ற நீள இறக்கை வண்ணத்துப்பூச்சி வகைகளும் வெப்பமண்டல அமெரிக்காவின் ஒரே கூட்டம். நம்மூரில் வரியன்கள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்னங்கால் இரண்டும் குறுகிப்போய் நடக்க உதவாது. ஆனால் பெண் பூச்சி இலையில் உட்கார்ந்ததும் அந்தக் குட்டைக் கால்களால் படபடவென்று தட்டுவதைப் பாருங்கள். ருசி பார்க்கிறது. பேஷன் கொடிதான் என்று தெரிந்தால்தான் முட்டை இடும். வேறு எந்த இலையும் இவற்றின் புழுக்களுக்கு ஆகாது. கொடியில் சயனைடைக் கக்கும் நஞ்சு உண்டு. புழு அதைச் சமாளித்துத் தின்று வளர்வதால் பறவைகள் இவற்றைச் சீந்துவதில்லை. கொடியும் சும்மா இல்லை. சில பேஷன் கொடிகள் இலையில் மஞ்சளாகப் போலி முட்டைகளை வைத்திருக்கும். ஏற்கெனவே முட்டை இருக்கும் இலையில் ஹெலிகோனியஸ் பெண் பெரும்பாலும் இடாது. போலியைப் பார்த்தும் ஏமாந்து போய்விடும்.

சரி, மருந்து? வேண்டாம். பி.டி. என்ற பாக்டீரியா உயிரிமருந்துகூட இந்தப் புழுக்களைக் கொன்றுவிடும். வேறு பூச்சிமருந்து அடித்தால் உங்கள் பூவுக்கு மகரந்தம் சேர்க்க வரும் கருந்தச்சு வண்டும் சாகும், அப்புறம் காய் பிடிக்காது. நன்றாக வேர்விட்ட கொடி மொட்டையானாலும் துளிர்த்துவிடும். இளங்கொடி என்றால் வலை போட்டு மூடுங்கள்.

நான் சொல்வது, கூடவே இன்னொரு கொடி நடுங்கள். நர்சரியில் கார்க்கிஸ்டெம் பேஷன்ஃப்ளவர் என்று கேளுங்கள். ஃபுளோரிடாவின் சொந்தக் கொடி. பூ ஒரு ரூபாய் அளவுகூட இராது, பச்சையாக, கண்ணிலேயே படாது. சின்னக் கருநீலப் பழம். அழகுக்கு வாங்குகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள், பூச்சிகளுக்கோ இதுதான் விருந்து. பழக்கொடியில் இருக்கும் சின்னப் புழுக்களை இலையோடு கிள்ளி இதில் விடலாம். பெரிதானவை புது இலைக்கு முரண்டு பிடிக்கும், அவற்றை இருந்த இடத்திலேயே விடுங்கள். சிவப்புப் பூ பேஷன் கொடிகளை மட்டும் வாங்காதீர்கள். அங்குள்ள பூச்சிகள் அவற்றில் முட்டையிட்டாலும் புழு பிழைப்பதில்லை. வாங்கும் செடிக்கு மருந்து வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வேர்வழி ஊறிய மருந்து இலையில் வெகுநாள் நிற்கும்.

கொடியை மர நிழலோரம் வைத்தால் ஹெலிகோனியஸ் வகையான ஜீப்ரா லாங்விங்கும் வரும். கறுப்பில் வெளிர்மஞ்சள் பட்டை, 1996 முதல் ஃபுளோரிடாவின் மாநில வண்ணத்துப்பூச்சி. தேனுக்குப் பக்கத்தில் ஃபயர்புஷ் என்ற பூச்செடி ஒன்று இருக்கட்டும். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் தேனோடு நிறுத்திக்கொள்ளும்; ஜீப்ராவோ மகரந்தத்தை உறிஞ்சுகுழலில் உருட்டி, எச்சிலில் ஊறவைத்துச் சத்தை எடுக்கும். அதனால்தான் சில மாதங்கள் உயிர்வாழ்கிறது. சாயங்காலம் ஒரே குச்சியில் கூட்டமாகத் தொங்கித் தூங்கும்.

கொடியைக் கத்தரிக்கும் முன் மட்டும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஜீப்ராவின் கூட்டுப்புழு காய்ந்து சுருண்ட இலை மாதிரியே தொங்கும். தொட்டால் நெளிந்தால் அது இலை இல்லை, அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.