தமிழ்நாட்டுச் சமவெளியில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பல ஆண்டுகள் நின்று பூக்கும் செடிகளில் எவற்றை வைக்கலாம், எப்படி வளர்க்கலாம்?

தமிழ்நாட்டுச் சமவெளியில் வீடு என்று குறிப்பிட்டிருப்பதால் அதற்கேற்பச் சொல்கிறேன். நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியை வாங்குவதற்கு முன், உங்கள் தோட்டத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நேர்வெயில் விழுகிறது, ஊற்றப்போவது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று பாருங்கள்.

நாள் முழுவதும் வெயில் கிடைக்கும் இடமென்றால் குண்டுமல்லியைத்தான் முதலில் சொல்வேன். ஒரு அடிக் குழியெடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து, செடிக்குச் செடி நான்கடி விட்டு நடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பதால் மேட்டுப்பாங்கான இடமே நல்லது. மல்லி புதுத் தளிர்களின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆகவே கவாத்து செய்யாத, அதாவது கிளைகளை வெட்டிவிடாத செடி ஆண்டுக்கு ஆண்டு புதராகப் பெருகுமே தவிர, பூ குறைந்துகொண்டே வரும். நவம்பர் கடைசியில், சில நாட்கள் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தயங்காமல் வெட்டிவிட்டு உரமிடுங்கள். வெட்டிய செடியைப் பார்க்க மனம் பதறத்தான் செய்யும், ஆனால் கோடையில் கொத்துக்கொத்தாகப் பூப்பது அந்த வெட்டினால்தான். பிச்சிக்கு டிசம்பர் கடைசியிலும் முல்லைக்கு ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வது வழக்கம் என்பதால், மூன்றையும் வைத்திருக்கும் வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி பூ இருக்கும்.

இட்லிப்பூவை உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் யோசித்து வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரால் மண்ணில் காரத்தன்மை மிகுந்துவிட்டால் அதன் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளம் இலைகள் வெளுத்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும்.

ஓரளவு நிழல் விழும் பக்கத்துக்கு நந்தியாவட்டை போதும். அரளி வறட்சியிலும் பூக்கும் என்றாலும் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. குழந்தைகளோ ஆடு மாடுகளோ நடமாடும் வீட்டில் அதை வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.