சினிமா காட்சியில் எங்கள் பேச்சை டப் செய்து கேலி வீடியோ போட்டால் ‘ஃபேர் யூஸ்’ என்று சொல்லலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, பாம்பன், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் பொழுதுபோக்கு. வில்லன் மிரட்டும் காட்சியை எடுத்து, மீனுக்கு அடிமாட்டு விலை கேட்கும் வியாபாரியின் பேச்சை மேலே ஏற்றுவார்கள். நான் விரும்பிப் பார்ப்பவன். இந்த வீடியோக்கள் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஃபேர் யூஸ், அதாவது அடுத்தவர் படைப்பை அனுமதியில்லாமல் நியாயமான அளவுக்கு எடுத்தாளலாம் என்பது, அமெரிக்கச் சட்டம். இங்கே 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவைத்தான் பார்க்க வேண்டும். சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. பகடியைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் வழி இருக்கிறது. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ என்ற மலையாள நாடகத்துக்குச் சிவிக் சந்திரன் எதிர்நாடகம் எழுதினார். மூலத்தின் பாத்திரங்கள், வசனங்கள் எல்லாம் அதில் வந்தன. வழக்கு 1996-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எவ்வளவு எடுத்தார், எதற்கு எடுத்தார், மூலத்தின் பிழைப்பில் கை வைக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீதிமன்றம் சந்திரன் பக்கம் நின்றது. அவர் விமர்சித்தது அந்த நாடகத்தையே.

உங்கள் வீடியோ அந்தப் படத்தையே கிண்டல் செய்கிறதென்றால் வாதம் வலுவானது. வியாபாரியைத் திட்ட அந்தக் காட்சியை இரவல் வாங்கினீர்கள் என்றால் பலவீனம்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1994-ல் ஒரு பாட்டுப் பகடி வழக்கில் ஏறக்குறைய இந்த வேறுபாட்டைத்தான் சொன்னது. வியாபாரியைத் திட்டுவது நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை, நன்றாகத் திட்டுங்கள். அதற்குப் படத்தின் துண்டு தேவையில்லை. ஏலம் நடக்கும் இடத்திலேயே நீங்களே நடித்து எடுங்கள், இன்னும் உறைக்கும்.

“ஏழு நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை” என்பதெல்லாம் கட்டுக்கதை. வீடியோவுக்குக் கீழே விளக்கத்தில் நன்றி போடுவதும் காப்பாற்றாது.

அப்புறம், யூடியூப்பின் கன்டென்ட் ஐடி, நீங்கள் ஏற்றும் வீடியோவில் அடுத்தவரின் படமோ இசையோ இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு இயந்திரம், அதற்கு நகைச்சுவை புரியாது. பின்னணி இசை ஒத்துப்போனாலே ‘இது எங்களுடையது’ என்று உரிமையாளர் பெயரில் கிளைம் வரும். படத்தின் இசையை முழுக்க நீக்கிவிட்டால் பாதித் தொல்லை தீரும். கிளைம் என்றால் பெரும்பாலும் வருமானம் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். ஸ்டிரைக், அதாவது உரிமையாளர் புகாரால் வீடியோவை நீக்கிவிட்டு யூடியூப் தரும் எச்சரிக்கை, அப்படியில்லை. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடும். நீக்கியது தவறு என்று யூடியூப்புக்கு எதிர் அறிவிப்பு கொடுக்கலாம், ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும், அவர்கள் வழக்குப் போடலாம். வீட்டில் பேசிவிட்டு அனுப்புங்கள்.