கிளாரினெட்டுக்கு ஏன் இத்தனை சாவி?

கேள்வி: புல்லாங்குழல் சில துளைகளோடு முடிந்துவிடுகிறது. கிளாரினெட்டுக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு சாவிகள்?

பதில்: புல்லாங்குழலை அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும், அதே விரல்வைப்பு மறுபடி உதவும். கிளாரினெட் ஒரு முனை மூடிய நேர்க்குழாய். அதில் அதிர்வெண் மூன்று மடங்குக்குத் தாவும். சட்ஜமத்திலிருந்து நேரே மேல் பஞ்சமம். இடையில் 19 அரைஸ்வரங்களுக்கு விரல்வைப்பு வேண்டும். வலது கட்டைவிரல் கருவியைத் தாங்கப் போய்விடும். மிச்சம் 9 விரல். விரல் எட்டாத துளைகளைத் திறந்து மூடும் நெம்புகோல்தான் சாவி. சாவிகளின் வரலாறு முழுக்க இந்தக் கணக்கோடு நடந்த போராட்டம்தான்.

கேள்வி: முதல் கிளாரினெட்டில் எத்தனை சாவி இருந்தது?

பதில்: இரண்டு. 1700ஐ ஒட்டி, ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் கருவி செய்த டென்னர், ஷாலுமோ என்ற குழலிலிருந்து உருவாக்கியது. மொஸார்ட் காலத்தில் ஐந்து சாவி சாதாரணம்.

கேள்வி: அப்போதே இன்னும் பத்து சாவி சேர்த்திருக்கலாமே?

பதில்: நல்ல கேள்வி. தடையாக இருந்தது பேடு, அதாவது சாவியின் அடியில் துளையை அடைக்கும் பகுதி. அன்று சாவிக்கு அடியில் இருந்தது தட்டையான தோல் துண்டு, காற்று கசியும். சாவி கூடக்கூடக் கசிவும் கூடும். அதனால் வாசிப்பவர்கள் ஸ்ருதிக்கு ஏற்ப வேறு வேறு கிளாரினெட்டை எடுத்துக்கொண்டார்கள். கிளாரினெட் கலைஞர் இவான் முல்லர் உள்ளே கம்பளி அடைத்த மெத்தென்ற பேடு வைத்தார், துளையின் விளிம்பையும் அதற்கேற்பக் குடைந்தார். 13 சாவி சாத்தியமானது. 1812ல் பாரிஸ் இசைக்கல்லூரிக் குழு அதை நிராகரித்தது. ஒரே கருவி எல்லா ஸ்ருதிக்கும் போதும் என்றால், ஒவ்வொரு கிளாரினெட்டின் தனி நாதமும் போய்விடுமே என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையிலும் நியாயம் உண்டு. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை கிளாரினெட்டின் பெரிய திருப்பம் முல்லரின் பேடுதான். அது இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நின்றிருக்காது.

கேள்வி: போம் சிஸ்டம் என்கிற சாவி அமைப்பு போம் செய்ததுதானே?

பதில்: இல்லை. தியோபால்ட் போம் மாற்றியமைத்தது ஃப்ளூட்டை. அவருடைய வளைய யோசனையைக் கிளாரினெட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் வாசிப்பாளர் குளோசேயும் கருவி செய்த லூயி ஓகுஸ்ட் பூஃபேயும். 1839ல் காட்சிக்கு வைத்து, 1844ல் காப்புரிமை பெற்றார்கள். விரல் துளையை மூடும்போதே சுற்றியுள்ள வளையமும் அமுங்கி, எட்டாத இன்னொரு துளையையும் மூடும். 17 சாவி, 6 வளையம். இன்றும் அதுவே பரவலான அமைப்பு.

கேள்வி: ஜெர்மன் கிளாரினெட் வேறா? புதிதாகக் கற்பவர் எதை வாங்கலாம்?

பதில்: வேறுதான். முல்லர் வழியை பெர்லினில் ஓஸ்கர் ஓலர் வளர்த்தெடுத்தார்; ஜெர்மனியின் இசைக்குழுக்களில் இன்றும் அதுதான். விரல்வைப்பு மாறும், அதனால் உங்கள் ஆசிரியர் வாசிப்பதையே வாங்குங்கள். அப்புறம், 20 சாவி, 7 வளையம் கொண்ட முழு போம் கருவியைப் பார்த்து மயங்க வேண்டாம். எடை கூடுதல், தேர்ந்த கலைஞர்களில் பெரும்பாலோர் 17 சாவியிலேயே வாசிக்கிறார்கள்.