சாக்லேட் மணக்கும் என்று விற்ற ஆர்க்கிட் ஏன் மணக்கவில்லை?

கேள்வி: "சாக்லேட் வாசனை ஆர்க்கிட்" என்று ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு செடி வாங்கினேன். பல மாதம் கழித்து ஊதா நிறத்தில் பெரிய பெரிய பூவாக வந்தது. பார்க்க அழகுதான், ஆனால் துளி வாசனை இல்லை. உரம் போதவில்லையா? சென்னையில் பால்கனியில் வைக்கக்கூடிய, மணக்கிற ஆர்க்கிட் எது? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: உரத்தில் குறை இல்லை. உங்களுக்கு வந்திருப்பதே வேறு செடி.

படத்தில் செடியின் அடியைப் பாருங்கள். குமிழ் எதுவும் இல்லை. தடித்த, அகலமான இலைகள் இரண்டு பக்கமும் மாறி மாறி இருக்கின்றன. இது ஃபலனாப்சிஸ் என்ற வேறு ஆர்க்கிட் வகை. சாக்லேட் மணம் தருவது ஆன்சிடியம் வகையில் 'ஷாரி பேபி' என்ற கலப்பினம். அதன் அடியில் இரு பக்கமும் அமுக்கிவிட்டது போல் தட்டையான பச்சைக் குமிழ் இருக்கும். உச்சியிலிருந்து மெல்லிய, நீண்ட இலை கிளம்பும். பூக்களும் சின்னவை, செம்பழுப்பு நிறம், கிளை விட்ட நீளக் கொத்தில் டஜன் கணக்கில் வரும். பூ வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை, பார்சலைப் பிரித்த அன்றே குமிழ் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது.

கடையில் கிடைக்கிற ஃபலனாப்சிஸ் மணக்காது. பூ பெரிதாக வேண்டும், நிறைய வேண்டும், இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கலப்பினம் செய்தவர்கள் வாசனையைப் பற்றிக் கவலைப்படவில்லை. பூங்கொத்துக்கு வருகிற தாய்லாந்து டென்ட்ரோபியமும் அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் சென்னை வெக்கைக்குப் பொருத்தமானது அதுதான். ஃபலனாப்சிஸ் பெல்லினா. போர்னியோ தீவின் தாழ்நிலக் காட்டுச் செடி. புழுக்கம் அதற்குச் சொந்த ஊர் மாதிரி. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், மல்லிகையில் இருக்கும் லினலூல் இரண்டும் இதன் பூவில் உண்டு; எலுமிச்சை கலந்த பூவாசனை. ஆனால் கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குட்டையான காம்பில் ஒன்று, அது முடிந்ததும் இன்னொன்று என்றுதான் வரும். பூ உதிர்ந்ததும் காம்பை வெட்டிவிடுவது நம் ஆட்களின் வழக்கம். பெல்லினாவில் அதைச் செய்யவே கூடாது. காம்பு பச்சையாக இருக்கும்வரை அதே நுனியிலிருந்து மொட்டு வரும், மறு வருஷமும் வரலாம். கத்தரியைத் தள்ளி வையுங்கள். வாங்கும்போது 'பெல்லினா கிராஸ்' என்று சொன்னால், மற்ற பெற்றோர் எது என்று கேளுங்கள். பெரிய வெள்ளைப் பூ ரகத்தோடு கலந்திருந்தால் வாசனை பெரும்பாலும் போயிருக்கும்.

ராத்திரியில்தான் பால்கனியில் உட்கார முடியும் என்றால் பிராசவோலா நோடோசா. விட்டில் பூச்சியை அழைக்கிற பூ என்பதால் பகலில் சும்மா இருக்கும், இருட்டிய பிறகு மணக்கும். காலையில் முகர்ந்து பார்த்துவிட்டு ஏமாந்தேன் என்று எழுதுகிறவர்கள் நிறைய. தேங்காய் மணம் வேண்டுமா, மாக்சிலேரியா டெனுயிஃபோலியா. ஷாரி பேபிதான் வேண்டும் என்றால் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். அதன் பூவும் வெதுவெதுப்பான பகலில்தான் நன்றாக மணக்கும். "வாசனை உள்ளது" என்று மட்டும் போட்டு பல்போஃபில்லம் என்ற ஆர்க்கிட் வகையை விற்கிறார்கள், அங்கே எந்த இனம் என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். பல்போஃபில்லம் ஃபலனாப்சிஸ் என்று ஒன்று இருக்கிறது. ஈயை வரவழைக்க அழுகிய மாமிச நாற்றம் அடிக்கும். பெயரின் பின்பாதியைப் பார்த்து வாங்கினால் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். விளம்பரம் பொய் என்றும் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய மோசடி ஆர்க்கிட் விதை. குரங்கு முகப் பூ, நீல ஆர்க்கிட் என்று படம் போட்டு 100 விதை 199 ரூபாய். ஆர்க்கிட் விதை தூசு மாதிரி இருக்கும், உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது. காட்டில் பூஞ்சையின் துணையோடு முளைக்கும். இல்லாவிட்டால் ஆய்வகத்தில், கிருமி நீக்கிய குடுவையில் முளைக்க வைக்க வேண்டும். உங்கள் தொட்டியில் ஒருநாளும் முளைக்காது. பொட்டலத்தில் வருவது ஏதோ கீரை விதையாக இருக்கும். கத்தரி விதைப் பொட்டலத்தில் முளைப்புத் திறன் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஆர்க்கிட் செடியில் பெயர்ச்சீட்டுகூட இல்லை. 'இம்போர்ட்டட்' என்பது ஒரு பெயரா? கேட்பார் இல்லை, அதனால் விற்கிறார்கள்.

ஊட்டிக்குப் போய் சிம்பிடியம் ஆர்க்கிட் வாங்கி வராதீர்கள். குளிர்ந்த இரவு இல்லாமல் அது மொட்டு வைக்காது. சென்னையில் புல் வளர்த்த மாதிரிதான். மலைப்பாதையில் வேரோடு கட்டி விற்கிற செடியைத் தொடவே வேண்டாம். காட்டு மரத்திலிருந்து பிடுங்கியது. நீல வாண்டா, சிவப்பு வாண்டா, 'லேடீஸ் ஸ்லிப்பர்' ஆகிய ஆர்க்கிட்டுகள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன.

சரி, கையில் இருக்கும் செடியைத் தூக்கி எறியாதீர்கள், அது பாவம் என்ன செய்தது. இந்த ஆர்க்கிட்டை மண்ணில் வைக்கவே கூடாது. கரித்துண்டும் செங்கல் ஜல்லியும் போதும். படத்தில் இலை நுனி கருகியிருக்கிறது, அது தண்ணீரின் உப்பு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றுகிறீர்களா? மிச்சப்படுத்துகிறேன் என்று பலர் செய்வது அது. போர்வெல் தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல். மழைநீர் பிடித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரே பரவாயில்லை.

அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன், அனுப்பப் போகிற செடியின் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூவின் படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.